கவுன்சலிங் அறையில் சாதியைச் சொல்ல முடியுமா?

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு போன். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பையன். அவன் அப்பா எனக்குப் பழைய பழக்கம். கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"சித்தப்பா, தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா, சொல்லு."

"படிப்ப வுட்டுட்டு ஊருக்கே வந்துடட்டுமா?"

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்கு ஒரு பட்டியலோடு வந்திருக்கிறார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க மட்டும் எந்திரிங்க, யுமிஸ் நம்பர் சரிபார்க்கணும்" என்றிருக்கிறார். அறுபது பேர் உள்ள வகுப்பில் பதினான்கு பேர் எழுந்து நின்றார்கள். இவனும் நின்றான். அதுவரை இவனுக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த இரண்டு நண்பர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். மூன்று மாதமாக மூவரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். மறுநாள் மதியம் அந்த இருவரும், "நாங்க கேன்டீன் போறோம்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த நாளும் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

யாரும் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுத இதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் பையன் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. வகுப்புக்குப் போக பஸ் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பியிருக்கிறான்.

"உங்க காலேஜ்ல கவுன்சலர் யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. எங்க இங்கிலீஷ் மிஸ்தான். போய்ப் பேசினேன். தாழ்வு மனப்பான்மைய வுட்டுட்டு நல்லாப் படி, காலையில யோகா பண்ணுன்னாங்க. இன்டர்னல் மார்க்கும் அவங்கதான் சித்தப்பா போடுவாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல."

கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்த ஆசிரியை கெட்டவரும் அல்ல. அவரிடம் ஒரு கூடுதல் பொறுப்பைக் கொடுத்து, அதற்கென்று ஒரு பயிற்சியும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் என்னால் எளிதில் விட முடியவில்லை. தமிழ் படித்தவனுக்கு இந்தக் கோளாறு உண்டு. 'தாழ்த்தப்பட்டவர்' என்றால் அது செயப்பாட்டு வினை. தாழ்த்தியவர் ஒருவர் வெளியே நிற்கிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'தாழ்வு மனப்பான்மை' என்று சொன்னதும் தாழ்த்தியவர் மறைந்துவிடுகிறார். தாழ்வு முழுக்க அந்தப் பையனின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போன இருவர், பட்டியலோடு வந்த அலுவலர், அறுபது பேர் முன்னால் சாதியைச் சொல்லி எழுப்பும் வழக்கம் என எல்லாம் கணக்கிலிருந்து போய்விடுகின்றன. யோகா மட்டும் மிஞ்சுகிறது.

நான் முதுகலைத் தமிழ் படித்தபோது இப்படி ஒரு வகுப்பு நடந்தது. பெரிய புராணம் பாடம். திருநாளைப்போவார் வரலாறு. 'புலைப்பாடி' என்ற சொல் வந்த இடத்தில் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் நிமிரவில்லை, பாடத்தைத் தொடர்ந்தார். அன்றைக்கு விடுதிக்குப் போனவன் நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை, மெஸ்ஸுக்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் மெஸ்ஸில் சமைக்கும் அம்மா மாடிப்படி ஏறி வந்து, "ஏன்ப்பா நாலு நாளா தட்டு எடுக்கல?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அவர் வந்திராவிட்டால் நான் ஊருக்குப் போயிருப்பேன். திரும்பி வந்திருக்க மாட்டேன்.

ஆனாலும் சமையல்கார அம்மாவின் இரக்கத்தை நம்பி ஒரு தலைமுறையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயக்கத்தில் இருக்கும் நாங்களும் இந்த விஷயத்தில் தவறு செய்திருக்கிறோம். "கவுன்சலிங் எதுக்குத் தோழர்? இது மனநோய் இல்ல, சாதி நோய். சங்கத்துல சேரு, போராடு" என்று மேடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் என்னைத் தேடி வந்தார். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், அறைக்குள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். அவருடைய துறையில் சாதிப் பிரச்சினை இருந்தது எனக்குத் தெரியும். அதனால் அவர் சொன்ன எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதினேன். அவரை ஆர்ப்பாட்டத்துக்கு அழைத்துப் போனேன், மைக்கைக் கையில் கொடுத்தேன். அவருக்குத் தேவைப்பட்டது மருத்துவர். ஆறு மாதம் கழித்து அவர் அம்மாதான், நிலத்தில் நடவு வேலையை விட்டுவிட்டு, மனநலப் பிரிவு வரிசையில் நின்று அவரைக் காப்பாற்றினார். இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

சாதி இருக்கும் இடத்தில் நோயும் இருக்கலாம். நோய் இருப்பதாலேயே சாதி இல்லாமல் போய்விடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வளாகத்தில் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இது நம்முடைய சொந்த உணர்ச்சி மட்டும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருந்தது. அந்த அறிக்கை மாணவர்களைச் சாதிவாரியாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மக்களவையில் ஒரு பதில் தந்தது. 2014 முதல் 2021 வரை ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் இறந்த 122 மாணவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் இதர பிற்படுத்தப்பட்டோர். மதிப்பெண், வேலை, காதல் என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் எழுதி கோப்பை மூடியிருப்பார்கள்.

சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமாரை இன்றைய மாணவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? பன்றி வளர்க்கும் குடும்பத்திலிருந்து, பன்னியாண்டி சமூகத்திலிருந்து, அவ்வளவு தூரம் படிக்கப் போனவர். 2008 பிப்ரவரியில் இறந்தார். அவருக்கு ஆய்வு நெறியாளர் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. உதவித்தொகைக்கும் சிக்கல் வந்திருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 17-இல் ரோஹித் வெமுலா. அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது, 1,75,000 ரூபாய். இந்த இருவர் முன்னாலும் ஒரு கவுன்சலரை உட்காரவைத்து, 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று சொல்ல வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "ஸ்டைபண்ட் வந்துச்சா? கைடு யாரு? யாரும் இல்லையா? ஏன் இல்லை?" என்று கேட்கிற கவுன்சலர் வேண்டும். கேட்டதோடு நிற்காமல், அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்கதவைத் தட்டும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

இந்த இடத்தில் சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மாணவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலாவும் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர்.மகாதேவனும் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் 2023-இல் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. இருவரும் பட்டியல் சாதிப் பிள்ளைகள். வழக்குப் பதிவு செய்யச் சொன்னதோடு, உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் நீதிமன்றம் அமைத்தது. அந்தக் குழு ஆராய வேண்டிய காரணங்களில் சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 25-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் தந்தை தொடுத்த வழக்கு. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அதில் பதினைந்து வழிகாட்டு நெறிகளைத் தந்தார்கள். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். நூறுக்குக் குறைவாக இருந்தால், வெளியிலுள்ள மனநல வல்லுநரிடம் அனுப்புவதற்கு முறையான ஏற்பாடு இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மாற்றுத்திறன், மாற்றுப்பாலின மாணவர்களைப் பாகுபாடு இல்லாமல் அணுக அவர்கள் பழக வேண்டும். உதவி எண்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சட்டம் வரும்வரை இந்த நெறிகளே நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

இதில் நம் ஆட்கள் கவனிக்காமல் விட்ட ஒரு சொல் உண்டு: விடுதி. இந்த நெறிகள் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், பயிற்சி மையம் ஆகியவற்றோடு விடுதிகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பில் இருக்கிறது. அப்படியானால் நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் பொருந்தும். அதே 2025 ஜூலையில்தான் தமிழக அரசு எல்லா அரசு மாணவர் விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. நல்ல காரியம், வரவேற்றோம். போர்டு புதிது. உள்ளே இருக்கும் பிள்ளை இரவு பத்து மணிக்கு யாரிடம் பேசும் என்பதற்கு அந்தப் போர்டில் ஒரு நம்பராவது எழுதியிருக்கிறதா என்று அடுத்த முறை ஊர்ப் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது பாருங்கள். நூறு பேருக்குக் குறைந்த விடுதி என்றால் எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு என்று வார்டனிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அண்ணாமலை நகரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. 2013-இலிருந்து அரசின் கையில் இருக்கிறது. உளவியல் கற்பிக்கும் துறை இருக்கிறது. மனநலப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதே நகரில் இருக்கிறது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் சி.முட்லூரில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி, பரங்கிப்பேட்டை எனச் சுற்றுவட்டாரத்துச் சேரிகளிலிருந்து வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். சிறு ஊர்களுக்குக் கிடைக்காத வசதி இது. உளவியல் முதுகலை மாணவர்களுக்குக் களப்பயிற்சி வேண்டும், விடுதிப் பிள்ளைகளுக்குப் பேச ஆள் வேண்டும். தகுதியான ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் இரண்டையும் சேர்த்துவிட என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

மன அழுத்தம் என்பது மனத்தில் மட்டும் பிறப்பதல்ல என்பதற்கும் இந்த நகரமே சாட்சி. 2020 டிசம்பரில் இங்கே மருத்துவ மாணவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். அரசு எடுத்துக்கொண்ட கல்லூரியில் ஏன் அரசுக் கட்டணம் இல்லை என்பதுதான் கேள்வி. ஐம்பது நாட்களுக்கு மேல் நின்றார்கள், கட்டணம் குறைந்தது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வட்டிக் கடன் நினைவில் தூங்காமல் கிடந்திருப்பார்கள்! ஓர் அரசாணை தந்த தூக்கத்தை எந்த மாத்திரையும் தந்திருக்காது.

நம் மாவட்டத்தில் காதலும் கவுன்சலர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகியும் வேதிப்பொறியியல் பட்டதாரி முருகேசனும் கொல்லப்பட்டார்கள். தண்டனை வர 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். இந்த மண்ணில் ஒரு தலித் பையன் கவுன்சலர் முன் உட்கார்ந்து "ஒரு பொண்ணப் புடிச்சிருக்கு சார், பயமா இருக்கு" என்றால் அந்தப் பயத்துக்கு இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. "இந்த வயசுல இதெல்லாம் வேணாம், படிப்பப் பாரு" என்று அனுப்பிவிட்டால் அவன் மறுபடி அந்த அறைக்கு வர மாட்டான். அந்தப் பெண்ணும் வர மாட்டாள். வந்து சொன்னதை ஆலோசகர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. இங்கே அது உயிர்.

அதனால்தான் மதிப்பெண் போடுகிறவரும் வருகைப்பதிவு எடுக்கிறவரும் ஆலோசகராக இருக்கக் கூடாது என்கிறோம். முழுநேரச் சம்பளத்தில், துறைத்தலைவருக்கோ வார்டனுக்கோ அறிக்கை கொடுக்கத் தேவையில்லாத ஒருவர் வேண்டும். தமிழில், அதுவும் நம் ஊர்த் தமிழில் பேசுகிறவர். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஒருவர். அந்த நியமனத்திலும் இடஒதுக்கீடு வேண்டும், ஏனென்றால் சில விஷயங்களை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆள் எதிரில் இருப்பது தனி ஆறுதல். அறை முதல்வர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் உள்ளே போகாது. மாலையில் விடுதிக்கே ஆலோசகர் வர வேண்டும். சில கல்லூரிகளில் நாக் குழு வருகிற வாரம் கவுன்சலிங் ரூம் என்று போர்டு மாட்டி, இரண்டு பூந்தொட்டி வைப்பார்கள். குழு காரில் ஏறியதும் பழைய விடைத்தாள் கட்டுகள் உள்ளே வந்துவிடும். மாணவர் சங்கங்கள் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், இந்தப் பத்தியில் போடலாம்.

2012-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளின்படி சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலர் ஒருவரும் கல்லூரிகளில் இருக்க வேண்டும். கவுன்சலர் அறைக்கும் அந்த மையத்துக்கும் இடையே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். மாணவரின் பெயரைச் சொல்லாமலே, "இந்தத் துறையில் இப்படிப் பட்டியல் வாசிக்கிறார்கள், நிறுத்துங்கள்" என்று ஆலோசகர் எழுத முடிய வேண்டும். பட்டியலை வகுப்பில் வாசிக்காமல் ஒவ்வொருவர் போனுக்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

நந்தனார் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். பள்ளியோடு விடுதியும் நடந்தது. பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கெனத் தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை எதிர்த்த எல்.இளையபெருமாளின் கதை காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பானை கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்க்க முடிந்தது. கேன்டீனுக்குப் போய்விட்ட இரண்டு நண்பர்களை எதைக் கொண்டு எதிர்ப்பது? நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த போராட்டம் ஒரு வகை. இந்தப் பிள்ளைகள் தனியாக, சத்தமில்லாமல், போன் வெளிச்சத்தில் நடத்துவது வேறொரு வகை. "நாங்க மாட்டுக் கொட்டாயில உக்காந்து படிச்சோம், எங்களுக்கு என்ன கவுன்சலிங் குடுத்தாங்க?" என்று கேட்கும் பெரியவர்கள், கூடப் படித்து நடுவில் நின்றுபோனவர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், தூங்காவிட்டால், லீவு இல்லாமல் ஊருக்கு வந்து நின்றால், "பைத்தியம்னு பேராயிடும், நாளைக்குக் கல்யாணம் ஆவாது" என்று மூடி வைக்காதீர்கள். கோயிலுக்குக் கூட்டிப் போவதென்றால் போங்கள், அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போங்கள். மனநலப் பிரிவுக்குப் போனவர் எல்லாம் பைத்தியம் என்றால் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிறவரை என்னவென்று சொல்வது? பிள்ளைகளுக்கும் ஒன்று. 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். அப்படி முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

அந்தப் பையனோடு அன்றிரவு ஒன்றரை மணி நேரம் பேசினேன். பெரும்பாலும் அவன்தான் பேசினான். மறுநாள் கிளம்பிப் போய் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மைக் எதுவும் கொடுக்கவில்லை. பிறகு, எழுந்து நின்ற அந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, பெயர் வாசிப்பதை நிறுத்தச் சொல்லி முதல்வருக்கு ஒரு மனு எழுதினார்கள். இவன் கையெழுத்து ஆறாவது.

போன வாரம் பேசினான். ஒரு அரியர் கிளியர் ஆகிவிட்டதாம். இரண்டு நண்பர்களில் ஒருவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்காருகிறானாம், இன்னொருவன் இல்லை. ஸ்காலர்ஷிப் இன்னும் வரவில்லை.